ஆத்தங்குடியில் பதினொன்றரைக்குக் கிளம்பியது தவறு: கத்தரி வெயிலில் புதுக்கோட்டை முதல் தேவகோட்டை வரை

செம்மண்சாலை | மே 19, இரவு 9.10

நேற்று முன்தினம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் வரை நாலு நாள் சைக்கிள் பயணம். பதினோரு பேர், பின்னால் ஒரு வேன். இரண்டாம் நாள் புதுக்கோட்டையில் கிளம்பி திருமயம், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, குன்றக்குடி, காரைக்குடி வழியாக இரவு தேவகோட்டையில் தங்குவதாகத் திட்டம். நேராகப் போனால் 60 கிலோமீட்டர்தான். செட்டிநாட்டு ஊர்களைப் பார்த்துக்கொண்டு போகலாமே என்று சுற்றியதில் எண்பது சொச்சம் ஆகும். இதே ஆட்கள் ஜனவரியில் ஒரே நாளில் 150 ஓட்டியவர்கள், அதனால் எண்பதை யாரும் ஒரு தூரமாகவே நினைக்கவில்லை.

நாலே முக்காலுக்குக் கிளம்ப வேண்டியது. இருவர் எழுந்திருக்கத் தாமதம், ஒரு சைக்கிளில் காற்று இறங்கியிருந்தது, ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. திருமயம் கோட்டைக்குக் கீழே டீ குடிக்கும்போது மணி ஏழு, கல்லில் அப்போதே வெயில் ஏறியிருந்தது. கானாடுகாத்தானில் இடியாப்பமும் கோஸ்மல்லியும் சாப்பிட்டுவிட்டு வீடுகளின் முகப்பைப் படம் எடுத்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. ஆத்தங்குடி போய்ச் சேர்ந்தது பத்தேகாலுக்கு.

அங்கே ஒரு தரைக்கல் பட்டறையில் உட்கார்ந்துவிட்டோம். ஒருவர் கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூப்போட்ட அச்சை அதற்குள் இறக்கி, ஒவ்வொரு அறையிலும் சின்னக் கரண்டியால் நிறக்குழம்பை ஊற்றுகிறார். ஒரு துளி கூட வேலி தாண்டவில்லை. அச்சைத் தூக்கியதும் சிவப்பும் பச்சையும் அந்தந்த இடத்தில் அப்படியே நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரக்கலவை போட்டு வழித்துவிட்டு, அடுத்ததை எடுத்துவிட்டார். காய்ந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு நாள்கணக்கில் ஊற வைக்கிறார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் கால் வைத்தபோது உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில்தான் நான் ஏமாந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. வெளியே என்ன நடக்கிறது என்பதே தெரியவில்லை. குன்றக்குடி பக்கம்தானே, அங்கே போய்ப் படுக்கலாம் என்று பதினொன்றரைக்கு எல்லாரையும் கிளப்பியது நான். வேனை அதற்கு முன்பே காரைக்குடிக்கு அனுப்பிவிட்டேன், ஐஸ் வாங்கவும் ஒரு சக்கரத்தின் கம்பியைச் சரிபண்ணவும். அதுவும் நான்தான்.

முன்னால் ஓட்டியது எங்கள் குழுவிலேயே இளையவன், 24 வயது, எல்லாரையும்விடக் கால் வலு உள்ளவன். தம்பி என்றே சொல்கிறேன். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று முகத்தில் அடித்தது, அவன் மறைப்பில் நாங்கள் ஓட்டினோம். ஒருவர் சைக்கிள் மீட்டரில் வெயில் 43 டிகிரி காட்டியது. பன்னிரண்டு மணிவாக்கில் தம்பி பேச்சை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் சக்கரம் கோணலாகப் போக ஆரம்பித்தது. பக்கத்தில் போய் "தண்ணி குடிடா" என்றால் எரிந்து விழுந்தான், அவன் அப்படிப் பேசுகிறவனே இல்லை. கையைத் தொட்டால் மயிர்க்கூச்செறிந்திருந்தது, அந்த வெயிலில். "எங்கடா போறோம்?" என்று கேட்டேன். "திருமயம்" என்றான்.

ஒரு புளியமரத்தடியில் இறக்கினோம், அப்படியே சரிந்தான். ஒரு கிலோமீட்டரில் ஊர் இருந்தது, ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு போனோம். தெரு முழுக்க அரண்மனை மாதிரி வீடுகள், ஒன்றிலும் ஆள் இல்லை. மூன்று கதவைத் தட்டினோம். நாலாவதில் ஓர் ஆச்சி வந்து ஒரு கேள்வி கேட்காமல் "முகப்பிலேயே படுக்க வைங்கப்பா, சட்டையக் கழட்டு" என்று சொல்லிவிட்டுப் போய் வேட்டியை நனைத்து எடுத்து வந்தார். கரண்ட் இல்லை. இரண்டு பேர் பனையோலை விசிறியால் வீச, நான் கிணற்றிலிருந்து வாளி வாளியாக ஊற்றினேன். அப்போது எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து "சூட்டு உடம்பில் பச்சைத்தண்ணீர் ஊற்றாதே, ஜன்னி கண்டுவிடும்" என்று வாளியைப் பிடித்துவிட்டார். எனக்குப் பயம் வந்து நிறுத்திவிட்டேன். நாலைந்து நிமிடம் போயிருக்கும். ஆச்சிதான் "நான் பாத்துக்கிறேன், நீ ஊத்து" என்றார்.

கால் மணி நேரத்தில் அவனுக்கு நிதானம் வந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் காரில் ஏற்றிக் காரைக்குடியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறான். பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டோம்.

எனக்குத் தெரிய வேண்டியது, தண்ணீர் ஊற்றியது சரியா? நிறுத்தியது எவ்வளவு பெரிய தவறு? அப்புறம் கத்தரியில் குழுவாக ஓட்டுகிறவர்கள் ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?

நர்ஸ்அக்கா | மே 19, இரவு 10.02

தம்பி, முதலில் அந்தப் பையன் வீடு சேர்ந்தானே, அது போதும்.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊற்றியது சரி. நூற்றுக்கு நூறு சரி. வெயிலில் களைத்து விழுவது வேறு, நீங்கள் சொல்வது வேறு. தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, தள்ளாட்டம் இருந்தும் கேட்ட கேள்விக்குப் பதில் சரியாக வந்தால் அது களைப்பு, நிழலும் உப்புக் கலந்த நீரும் போதும். புத்தி தடுமாறிவிட்டால், அதாவது எரிந்து விழுவது, ஊர் பெயர் மாற்றிச் சொல்வது, இதெல்லாம் வந்துவிட்டால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடியும் சைக்கிள் மிதித்தும் விழுகிறவர்களுக்கு உடம்பு நனைந்தே இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் வண்டியில் ஏற்றுவது. தொட்டி இருந்தால் கழுத்து வரை தண்ணீரில் உட்கார வைத்து, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் செய்ததுபோல விடாமல் ஊற்றி விடாமல் வீச வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் சூடு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் ஒன்று விட்டுவிட்டீர்கள். "திருமயம்" என்று அவன் சொன்ன நொடியிலேயே ஒருவர் 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். வண்டி வரும் வரை ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

நிதானம் இல்லாத நேரத்தில் வாயில் ஏதாவது கொடுத்தீர்களா?

செம்மண்சாலை | மே 19, இரவு 10.15

ஆச்சி மோர் கரைத்துக்கொண்டு வந்தார், இரண்டு வாய் குடித்தான், மூன்றாவது வாயில் புரை ஏறியது. அதோடு நிறுத்தினோம். 108 ஞாபகமே வரவில்லை அக்கா, பதினோரு பேரில் ஒருவருக்குக்கூட.

நர்ஸ்அக்கா | மே 19, இரவு 10.21

அந்த மோர் மூச்சுக்குழலுக்குள் போயிருக்கும் தம்பி. சொன்னதைப் புரிந்துகொண்டு தானாக டம்ளரைப் பிடிக்கிறான் என்றால் மட்டும் கொடுங்கள். மற்றபடி வாயில் எதுவும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கோட்டையூர்க்காரன் | மே 20, காலை 6.30

எங்கள் பக்கம் வந்து இப்படி ஆனதில் வருத்தம். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன்.

எங்கள் ஊர்த் தெருக்களைப் பார்த்து ஜனம் இருக்கிறது என்று நம்பாதீர்கள். முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடக்கும், சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள், கல்யாணம், படைப்பு, கோவில் காரியம் என்றால்தான் கதவு திறக்கும். அவசரத்தில் கதவு கதவாகத் தட்டாமல் வாசலைப் பாருங்கள். அன்றைக்குப் போட்ட கோலம் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. காலையில் தெளித்த தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும், கோலம் இருக்கும். நான் சின்ன வயதில் தபால் கொடுக்கப் போகும் மாமாவோடு சுற்றியபோது கற்றுக்கொண்டது இது.

கடைகளும் அப்படித்தான். சின்ன ஊர்களில் பன்னிரண்டு மணிக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். "அடுத்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம்" என்ற கணக்கு மதியத்தில் இங்கே செல்லாது.

அந்த முகப்பு உங்களைக் காப்பாற்றியதும் சும்மா இல்லை. சுண்ணாம்புச் சாந்து பூசிய அவ்வளவு தடிமனான சுவர், உயரமான கூரை, நடுவில் வளவு, அதாவது முற்றம், திறந்திருப்பதால் சூடான காற்று மேலே போய்விடும். மே மாதத்தில் நாங்கள் மதியம் பாய்கூட விரிக்காமல் வெறும் தரையில்தான் படுப்போம்.

இன்னொன்று, மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருணி வேறு, கண்மாய் வேறு. கண்மாய் வயலுக்கு, ஆடுமாடு இறங்கும், குளிக்கலாம். ஊருணி பல ஊர்களில் குடிதண்ணீருக்கு என்றே வைத்திருப்பது, படிக்கட்டில் செருப்புக்கூடப் போட்டு இறங்க மாட்டார்கள். சைக்கிள்காரர்கள் சிலர் அதில் காலைக் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன்.

செம்மண்சாலை | மே 20, காலை 7.05

அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் அண்ணே. கார் வரக் காத்திருந்தபோது எங்களில் இருவர் ஊருணியில் இறங்கி முகம், கால் எல்லாம் கழுவிவிட்டார்கள். ஒரு அம்மா வந்து சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். வெயிலில் இருந்தோம் என்பது அதற்குப் பதில் ஆகாது.

மதுரை_சக்கரம் | மே 20, காலை 8.40

எல்லாரும் தண்ணீர் தண்ணீர் என்றே பேசுவதால் என் கதையையும் சொல்கிறேன். மூன்று வருடம் முன்னால் மதுரையிலிருந்து ராமேஸ்வரம், ஏறத்தாழ 170 கிலோமீட்டர், இதே மே மாதம். வெயிலுக்குப் பயந்து கண்ட இடத்தில் எல்லாம் வெறும் தண்ணீரையே குடித்தேன், மத்தியானத்துக்குள் ஏழு லிட்டர் இருக்கும். பரமக்குடி தாண்டியதும் தலை கனத்தது, விரலில் மோதிரம் இறுகி வலித்தது, ராமநாதபுரத்துக்கு முன்னால் குடித்ததெல்லாம் வாந்தி. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் குடிக்கப் போனேன். கூட வந்தவர் தடுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ரத்தத்தில் உப்பு இறங்கிப் போயிருந்தது. வியர்வையோடு உப்பும் போகிறது, நான் தண்ணீரை மட்டும் திருப்பி ஊற்றினால் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப் போகும், இவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு டாக்டர் என் மோதிர விரலைப் பார்த்துவிட்டுத்தான் முதல் கேள்வியையே கேட்டார்.

அதனால் மோதிரம், வாட்ச் பட்டை இறுகினால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். நாக்கு வறண்டு, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் குறைந்துவிட்டது.

நர்ஸ்அக்கா | மே 20, காலை 9.15

மதுரைத் தம்பி சொல்வது முக்கியமானது. இந்த மாதிரி வெயிலில் சைக்கிள் மிதிக்கிற ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்கூட வியர்க்கும், ஆளுக்கு ஆள் மாறும். ஒரு லிட்டர் வியர்வையில் போகும் உப்பு ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் வீட்டில் கலக்கும் கரைசலுக்கும் அதே கணக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கடையில் ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பொட்டலத்தில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். அரை பாட்டில் தண்ணீரில் முழுப் பொட்டலத்தைக் கொட்டிக் குடிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அது இன்னும் தாகத்தைக் கூட்டும். உப்புப் போட்ட நீர்மோர், பழைய சோற்று நீராகாரம், இவையும் நல்லவையே. இரத்த அழுத்தம், சிறுநீரகத் தொல்லை இருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே செய்யட்டும்.

பெரியவர்62 | மே 20, பகல் 11.30

நீங்கள் படித்தவர்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வேர்த்து வந்தவுடன் தலையில் தண்ணீர் ஊற்றாதே என்று என் தகப்பனார் சொல்லி வளர்த்தார், நானும் பிள்ளைகளுக்கு அதையே சொன்னேன். அறுப்பு வயலிலிருந்து வந்து நேரே கிணற்றில் குதித்து விறைத்துப் போன ஆளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த எதிர்வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் தடுத்திருக்க மாட்டார்.

நர்ஸ்அக்கா | மே 20, மதியம் 1.10

ஐயா, அவர் நல்ல எண்ணத்தில்தான் தடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் தகப்பனார் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. உடம்பு சூடாக இருக்கும்போது திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் குதித்தால் மூச்சு வாங்கும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆபத்தும் உண்டு. வேலை முடித்து நல்ல நினைவோடு வருகிறவர் கொஞ்சம் ஆறிவிட்டுக் குளிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் புத்தி தடுமாறி விழுந்தவனுக்கு அந்த விதி பொருந்தாது ஐயா. அவன் மூளை அந்த நொடியில் வெந்துகொண்டிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் ஐஸ் கிடையாது, அவன் உடம்பைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவு, அவ்வளவே. ஜன்னி என்று ஊரில் சொல்கிறோமே, அந்தப் பிதற்றலும் நடுக்கமும் சூடு தலைக்கு ஏறியதாலேயே வரக்கூடியவை. தண்ணீரை நிறுத்தினால்தான் அது கூடும். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொல்வதைவிட.

பெரியவர்62 | மே 20, மதியம் 1.45

சரிம்மா. புரிகிறது. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அதுதானே. சொல்கிறேன்.

இரவுச்சவாரி | மே 20, மாலை 5.20

நாளைப் பிரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பிரெவே ஓட்டுகிறவன், அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி நேரம் கெடு. நின்றது, சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் அதற்குள்தான். அந்தக் கணக்கிலேயே பாருங்கள், கெடு வைத்த ஓட்டத்திலேயே மதியம் இரண்டு மணி நேரம் படுக்க இடம் இருக்கிறது. உங்களுக்கு எண்பதே கிலோமீட்டர், கெடுவே கிடையாது, ராத்திரி எட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

கோடையில் என் வழக்கம் நாலரைக்குச் சக்கரம் உருள வேண்டும், பத்தரைக்கு நிற்க வேண்டும், நாலரைக்கு மறுபடி. நடுவில் ஆறு மணி நேரம் சாப்பாடு, தூக்கம். முழுக்க இரவிலேயே ஓட்டலாமே என்பார்கள், நான் அதைக் குழுவுக்குச் சொல்ல மாட்டேன். விளக்கில்லாமல் நிற்கும் லாரி, ரோட்டில் படுத்திருக்கும் மாடு, துரத்தும் நாய், தூக்கக் கலக்கம், இவை வெயிலுக்குக் குறைந்தவை இல்லை.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்க்காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், வியர்க்கவே இல்லை என்று தோன்றும், சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு விழும்போதுதான் தெரியும். பின்காற்றில் வேறு விதம். நாம் 20-இல் போகிறோம், காற்றும் 20-இல் பின்னாலிருந்து வருகிறது என்றால் உடம்பின் மேல் காற்றே படாது, அடுப்புக்குள் இருப்பது போல இருக்கும், வேகம் மட்டும் நன்றாக வரும், அதனால் சந்தோஷமாக மிதிப்போம். அன்றைக்கு மேல்காற்று என்கிறீர்கள். குன்றக்குடியிலிருந்து காரைக்குடி கிழக்கே இருக்கிறது, அங்கே அதே காற்று பின்காற்றாகிவிடும். அந்தப் பத்துக் கிலோமீட்டரையும் ஒரு மணிக்கு ஓட்டியிருந்தால் விழுவது ஒருவரோடு போயிருக்காது.

மீட்டரில் 43 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், கறுப்புக் கருவி வெயிலிலேயே இருப்பதால் கூடுதலாகக் காட்டும். வானிலைக்காரர்கள் நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளக்கிறார்கள். ஆனால் நாமும் வெயிலில்தானே இருக்கிறோம்.

முள்ளும்_டியூபும் | மே 20, இரவு 7.50

உடம்பைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், வண்டியைப் பற்றி நான். கிராமத்து ரோட்டோரம் எங்கும் சீமைக்கருவேலம்தான், அந்த முள் டயரை நேராகத் துளைக்கும். நிழலுக்காக ரோட்டை விட்டு ஓரம் இறங்கும்போது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போங்கள், உருட்ட வேண்டாம். வெயிலில் காற்று விரிவதைப் பற்றிப் பலருக்குப் பயம். விடிகாலை 27 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 47 டிகிரி சூடானால் 86 பக்கம் போகும், அவ்வளவுதான், நல்ல டயர் அதற்கு வெடிக்காது. வெடிப்பது பழைய ஒட்டும், தேய்ந்த ஓரமும். அனலில் பஞ்சர் ஒட்டும்போது பசை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, நிழலில் வைத்து ஒட்டுங்கள். இன்னும் நல்லது, மதியத்தில் ஒட்டவே உட்காராமல் டியூபை மாற்றிவிட்டுப் போய், படுக்கும் இடத்தில் ஒட்டுவது. வெயிலில் பஞ்சருக்காகப் பத்துப் பேர் இருபது நிமிடம் நின்றுகொண்டிருப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

வடக்குவாசல் | மே 20, இரவு 9.30

நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். வெயில் மேலும் காற்று மேலும் பழியைப் போட வேண்டாம். தலைவர் வேனை அனுப்பியது தவறு, ஆள் கண்ணில் படும் தூரத்திலேயே வண்டி இருக்க வேண்டும். ஒரே ஆளை அரை மணி நேரம் எதிர்க்காற்றில் முன்னால் விட்டது அதைவிடப் பெரிய தவறு. வலுவானவன் என்றால் அவனையே வேலை வாங்குவதா? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் பின்னால் வர வேண்டும். கடைசியில் ஒருவர், அவர் யாரையும் முந்தக் கூடாது. இது இல்லாமல் பதினோரு பேரைக் கோடையில் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

செம்மண்சாலை | மே 20, இரவு 9.55

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. கடைசியில் ஒருவர் இருந்தார். ஆனால் முன்னால் இருப்பவன் விழுவான் என்று நான் நினைக்கவே இல்லை. கண் முழுக்கப் பின்னால் இருந்த இரண்டு வயதானவர்கள் மேல்தான் இருந்தது. அவர்கள் தொப்பிக்குக் கீழே நனைத்த துண்டு போட்டுக்கொண்டு, நினைத்த இடத்தில் நின்று, நிதானமாக வந்து சேர்ந்தார்கள்.

திருமயம்_தம்பி | மே 21, காலை 10.15

அந்தத் தம்பி நான்தான். அண்ணன் இழையைக் காட்டினார், முழுக்கப் படித்தேன்.

எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஆத்தங்குடியிலேயே எனக்கு லேசாகத் தலைவலி இருந்தது. சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்கினேன், அதையும் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தேன், சைக்கிளையே தொடவில்லை, ஏ.சி. அறையில்தான் இருந்தேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் போகச் சொல்லி அண்ணன் வற்புறுத்தவில்லை, இரண்டு தடவை மாறச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. எல்லாரும் என் பின்னால் வருகிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அப்புறம் குளிர்ந்தது. நிஜமாகவே குளிர்ந்தது, நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் வேகமாகப் போகலாம் என்று தோன்றியது. அப்புறம் எதுவும் இல்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது தரையில் ஒரு பூ, சிவப்பு நடு, சுற்றிப் பச்சை இதழ். என் கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது, அதன் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

நர்ஸ்அக்கா | மே 21, காலை 10.50

எழுதினாயே, நல்லது. காய்ச்சல் வந்துபோன வாரத்தில் உடம்பு சூட்டைத் தாங்கும் திறனே குறைந்திருக்கும், தூக்கமின்மை அதோடு சேர்ந்துகொண்டது. அது இல்லாமலே வெயிலுக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினாலு நாள் வேண்டும், தினம் ஒரு மணி நேரமாவது வெயிலில் மிதித்தால்தான். ஏ.சி.யில் இருந்தால் பழகியதும் போய்விடும். ஒருமுறை விழுந்தவனுக்கு மறுமுறை சீக்கிரம் வரலாம். டாக்டர் சரி என்று சொல்லும் வரை வெயிலில் ஓட்டாதே, காலையில் மட்டும் மெதுவாக ஆரம்பி.

குழுவாகப் போகிறவர்களுக்கு ஒன்று. காலையில் கிளம்பும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாக, மற்றவர்கள் காதில் விழாமல், "எத்தனை மணி நேரம் தூங்கினாய், இந்த வாரம் உடம்பு எப்படி இருந்தது, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா" என்று கேளுங்கள். பத்துப் பேர் முன்னால் கேட்டால் எவனும் சொல்ல மாட்டான்.

கோட்டையூர்க்காரன் | மே 21, மாலை 4.40

எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்கள் உண்டு. நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து போகும் கூட்டம், தலைமுறை தலைமுறையாக நடப்பது. நான் ஐந்து தடவை கூடப் போயிருக்கிறேன். தை மாத வெயில் ஒரு வெயிலே இல்லை, அதற்கே விடியும் முன்னால் நடக்க ஆரம்பித்து, மதியம் நிழலில் படுத்துவிட்டுத்தான் எழுந்து நடப்போம். எத்தனை வலுவான ஆளாக இருந்தாலும் அப்படித்தான். இடத்தை நேரம் பார்த்து முடிவு பண்ணாமல், முதலிலேயே இந்த ஊரில் படுக்கை என்று வைத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

அடுத்த தடவை வரும்போது மதியப் படுக்கையைக் கானாடுகாத்தானிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஆத்தங்குடியில். எட்டரைக்கு ஆத்தங்குடி போய்விடலாம், பட்டறையும் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். நாலரைக்கு எழுந்து குன்றக்குடி போனால் பொழுது சாயும்போது மலையில் மயில் அகவும், அதைக் கேட்டுவிட்டுக் காரைக்குடி. தேவகோட்டையை மறுநாளுக்கு வையுங்கள். படுக்க இடம் வேண்டுமானால் முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எங்கள் சித்தப்பா வீட்டு முகப்பு சும்மாதான் கிடக்கிறது, இருபது பேர் படுக்கலாம்.

செம்மண்சாலை | மே 22, இரவு 8.20

அண்ணே, ஆகஸ்டில் கொஞ்சம் மழை விழுந்த பிறகு வருகிறோம், கட்டாயம் சொல்கிறேன்.

இன்று தம்பியும் நானும் காரில் போய் ஆச்சியைப் பார்த்துவிட்டு வந்தோம். வேட்டி ஒன்றும், திருச்சியிலிருந்து பழமும் கொண்டுபோனோம். பழத்தை வாங்கிக்கொண்டார், வேட்டியை எதிர்வீட்டுப் பெரியவரிடம் கொடுத்துவிடச் சொன்னார், அன்றைக்கு நனைத்தது அவர் வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியாம். அவரும் இருந்தார். நர்ஸ் அக்கா எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "புத்தி தெளிவா இருக்கான்னு பாக்கணும், இல்லேன்னா ஊத்தணும்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டு, "இப்ப எங்கப்பா போறீங்க?" என்றார்.

"திருச்சிக்கு ஐயா" என்றான்.